அப்பாவோட சைக்கிள் கடையிலேயே காபியும் போடலாமா? சிக்ளோ கஃபே போன நாள்ல இருந்து மண்டைல ஓடிட்டே இருக்கு

#1 மாயவரம்_பெடல்

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிச்சுட்டு யோசனை சொல்லுங்க.

2016-ல சென்னைல பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்தேன். பகல் பூரா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்தான். அதே காந்தி மண்டபம் ரோட்டுல சிக்ளோ கஃபேன்னு ஒரு இடம், 2015-ல திறந்தது, டிஐ சைக்கிள்ஸ்காரங்களோட சேர்ந்து ஆரம்பிச்சது. சைக்கிளும் விப்பாங்க காபியும் குடுப்பாங்கன்னு ரூம்மேட் சொன்னப்ப நான் நம்பல. ஏன்னா எங்க வீட்ல சைக்கிள் கடைன்னா கிரீஸ், மண்ணெண்ணெய், பஞ்சர் தொட்டில கருப்பா தண்ணி, இதுதான். அதுக்குள்ள போய் யாரு காபி குடிப்பா?

ஒருநாள் சாயங்காலம் போனேன். சைக்கிள் சாமான்களையே அலங்காரமா வச்சிருந்தாங்க, ரிம்மு, செயினு, பல் சக்கரம் இப்படி. எங்கப்பா பழைய இரும்புக்குப் போடுற சாமான் அங்க சுவத்துல அழகா இருந்துச்சு. ஒரு பக்கம் பியாங்கி வண்டி நின்னுச்சு, அந்த இளம்பச்சையும் நீலமும் கலந்த கலர்ல, 1885-ல இத்தாலில ஆரம்பிச்ச கம்பெனி. அது பக்கத்துல ஒரு மணி நேரம் ஒரே ஒரு காபியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் எழுந்திருன்னு சொல்லல. பக்கத்து டேபிள்ல ஒருத்தர் ஹெல்மெட்டைக் கூட கழட்டாம டயர் பிரஷர் பத்தி பேசிட்டு இருந்தார், எதிர்ல இருந்தவர் அந்த நேரத்துலதான் அவருக்கு அறிமுகமானவர்னு பேச்சுலயே தெரிஞ்சுது. அதுதான் எனக்கு உள்ள இறங்குச்சு. சைக்கிள் ஓட்டுறவங்க உட்கார்ந்து பேச ஒரு இடம்.

இன்னொண்ணு. எங்கப்பா 1981-ல இருந்து ஓவராயில் பண்ற ஹெர்குலஸ், பிஎஸ்ஏ எல்லாம் அதே டிஐ கம்பெனி வண்டிங்கதான், 1949-ல அம்பத்தூர்ல ஆரம்பிச்சது. அதே கம்பெனி விக்கிற பியாங்கி அங்க கண்ணாடிக்குள்ள நிக்குது, ஹெர்குலஸ் எங்க கடை வாசல்ல தலைகீழா நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் ஒரு நாற்காலியும் ஒரு டபரா காபியும்தானான்னு தோணுச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க கடை மயிலாடுதுறைல. ஆரம்பத்துல வாடகை சைக்கிள் கடை, 22 வண்டி, ஒவ்வொண்ணுக்கும் மட்கார்டுல நம்பர் எழுதி இருக்கும். மணிக்கணக்கு நோட்டு இன்னும் பரண்ல கிடக்கு. ஊர்ல பாதிப் பேர் குரங்கு பெடல் போட்டுப் பழகினது எங்க 7-ம் நம்பர் வண்டிலதான். அப்புறம் வீட்டுக்கு வீடு பைக் வந்துச்சு, வாடகை நின்னுச்சு. இப்ப பஞ்சர், ரிப்பேர் மட்டும். அப்பாவுக்கு 67 வயசு, வர்ற பொங்கலோட மூடிடலாம்ங்கறார். எனக்கு மனசு வரல. கடை 12-க்கு 30 அடி, பின்னாடி பாதி சும்மா கிடக்கு. அங்க காபி போட்டா என்னன்னு கேக்குறேன். செஞ்சவங்க, இந்த மாதிரி இடங்களுக்குப் போனவங்க சொல்லுங்க.

#2 ஈசிஆர்_விடியல்

அருமையான யோசனை, பண்ணுங்க, மூடாதீங்க!

சைக்கிளுக்கும் காபிக்கும் உள்ள உறவு இப்ப வந்த ஃபேஷன் கிடையாது. ஃபயேமான்னு இத்தாலில காபி மெஷின் பண்ற கம்பெனி, அவங்க பேர்ல ரேஸ் டீமே இருந்துச்சு. எடி மெர்க்ஸ் 1969-ல டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சப்ப நெஞ்சுல இருந்தது அந்தக் காபி மெஷின் பேர்தான். கொலம்பியாவுல காபி விவசாயிகளோட பேர்ல கஃபே டி கொலம்பியா டீம், அதுல இருந்த லூயிஸ் ஹெர்ரேரா 1987-ல ஸ்பெயின் டூரை ஜெயிச்சார், மலை ஏர்றதுல மன்னன். சமீபத்துல ட்ரெக் டீம் பேர்ல செகாஃப்ரெடோன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சே அதுவும் காபிக் கம்பெனிதான்.

எங்க ஆளுங்க ஞாயித்துக்கிழமை காலைல நாலரைக்கு திருவான்மியூர்ல கிளம்பி ஈசிஆர்ல முட்டுக்காடு பாலம் தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் போவோம். சத்தியமா சொல்றேன், பாதிப் பேர் வர்றது திரும்பி வர்றப்ப குடிக்கிற அந்தக் காபிக்கு. எதிர்க்காத்துல 25 கிலோமீட்டர் மிதிச்சுட்டு வந்து கால் நடுங்க நிக்கும்போது கைல ஒரு சூடான டம்ளர் வருது பாருங்க, அதுக்கு ஈடு கிடையாது. ஆனா நாங்க குடிக்கிற இடத்துல வண்டிய எங்க வைக்கிறதுங்கறதுதான் பெரிய பிரச்சனை. கார்பன் வண்டி வச்சிருக்கவன் ஒரு கண்ண வண்டி மேலயும் ஒரு கண்ண இட்லி மேலயும் வச்சுக்கிட்டு சாப்பிடுறான். உட்கார்ந்த இடத்துல இருந்து வண்டி தெரியணும். இது ஒண்ணை மட்டும் சரியா பண்ணிட்டீங்கன்னா போதும்.

அப்புறம் ராண்டன்னர் ரைடு இருக்கே, ரேஸ் கிடையாது, குறிச்ச நேரத்துக்குள்ள ரொம்ப தூரம் ஓட்டி முடிக்கிறது, 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துல முடிக்கணும், 300-க்கு 20 மணி நேரம். வழில கன்ட்ரோல் பாயின்ட்ல, அதாவது நாம வந்துட்டுப் போனதைப் பதியற இடத்துல, பிரெவே கார்டுங்கற ரைடு அட்டைல சீல், இல்லன்னா கடை பில்லாவது வாங்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு டீக்கடை அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கி ரைடு முடிச்சவன் நான். டெல்டா பக்கம் ரூட் போடுறவங்களுக்கு உங்க கடை மாதிரி ஒண்ணு இருந்தா கண்ண மூடிட்டு கன்ட்ரோல் அங்கதான் வைப்பாங்க, காபியும் இருக்கு மெக்கானிக்கும் இருக்கார், வேற என்ன வேணும்?

#3 வால்டியூப்

தம்பி, மதுரைல 36 வருசமா சைக்கிள் கடை வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்றேன்.

இந்த மாதிரி காபி கடை சேந்த சைக்கிள் கடைக்கு வேற ஒரு ஊர்ல போனேன், பேர் வேணாம். மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தப்ப அவரோட பழைய ஹெர்குலஸை எடுத்துக்கிட்டு ஒரு ஆசைல பாக்கப் போனேன். வாசல்ல வண்டிய நிப்பாட்டினதும் செக்யூரிட்டி வந்து "இதை அந்தப் பக்கம் சந்துல விடுங்க"ன்னாப்ல. அங்க ஏற்கனவே நாலஞ்சு வண்டி வாசல்ல நின்னுச்சு, எல்லாம் லட்ச ரூவா வண்டி. நான் ஒண்ணும் பேசல. சந்துல விட்டுட்டு உள்ள போகவும் மனசு வரல, திரும்பி வந்துட்டேன். சைக்கிள் கடைன்னு போர்டு வச்சுருக்க எடத்துல ஒரு சைக்கிளை வெளிய போன்னு சொன்னது இன்னமும் வலிக்குது.

அதுனாலதான் சொல்றேன். காபி போடுங்க, வேணாங்கல. ஆனா இன்னைக்கு உங்கப்பாகிட்ட யாரு வர்றா? பால்காரரு, பேப்பர் போடுற பையன், பூக்கட்டுற அம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. அவுக உள்ள வரக் கூச்சப்படுற மாதிரி ஒரு டைல்ஸு, ஒரு கண்ணாடிக் கதவு போட்டீங்கன்னா அன்னைக்கே கடை செத்துச்சு. பொறவு என்னத்தக் காபி.

வேலைக்காரனுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கு. சக்கரம் கோட்டம் எடுக்கும்போது நான் காதாலதான் பாதி வேலை பாப்பேன், ஸ்போக்கைத் தட்டினா வர்ற சத்தம். எல்லா ஸ்போக்கும் ஒரே மாதிரி சத்தம் குடுக்கணும். பக்கத்துல பாட்டுப் போட்டு நாலு பேரு சிரிச்சுக்கிட்டு இருந்தா அது எப்பிடிக் கேக்கும்?

#4 மாயவரம்_பெடல்

ஐயா, படிச்சுட்டு ரொம்ப நேரம் பதில் எழுதத் தோணல. உங்களுக்கு நடந்தது எங்க கடைல யாருக்கும் நடக்கக் கூடாது, அதை முதல்லயே மனசுல எழுதி வச்சுக்கிட்டேன். கதவே இல்லாம இப்ப இருக்குற ஷட்டரை அப்படியே விட்டுடறேன்.

உங்க பதிவை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஸ்போக் சத்தம்னு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேலை தெரிஞ்ச ஆளு"ன்னார்.

#5 கியர்_மாத்து

நான் திருச்சி, ஆபீஸுக்கு தினமும் சைக்கிள்ல போற பொண்ணு. இங்க யாரும் சொல்லாத ஒண்ணு சொல்லணும்.

சைக்கிள் கடைக்குத் தனியா போறது எங்களுக்கு அவ்வளவு சுலபம் கிடையாது. கடைக்காரர் மேல குறை இல்ல, எனக்குத் தெரிஞ்ச எல்லா சைக்கிள் கடை அண்ணன்களும் தங்கமானவங்க. ஆனா வண்டிய விட்டா முக்கா மணி நேரம் ஆகும், அந்த நேரம் எங்க நிக்கிறது? ரோட்டோரம் வெயில்ல நிக்கணும், பக்கத்து டீக்கடைல பூரா ஆம்பளைங்க, போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். அதுனால நான் பஞ்சரானா அப்பாவையோ தம்பியையோதான் அனுப்புவேன். அப்ப வண்டில என்ன பிரச்சனை, எதை மாத்தினாங்க எதுவும் எனக்குத் தெரியாமயே போயிடும்.

போன வருஷம் பெங்களூர்ல ஒரு சைக்கிள் கடை சேர்ந்த காபி ஷாப்புக்குப் போனேன். காபி வாங்கிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், ரெண்டடி தள்ளி மெக்கானிக் என் வண்டிய ஸ்டாண்டுல மாட்டினார். செயின் நீண்டிருக்கான்னு பாக்க ஒரு கேஜ் இருக்கு, அதை எப்படி வைக்கிறதுன்னு காட்டினார், 0.75ன்னு வந்துச்சுன்னா செயினை மாத்திடணும், மாத்தலன்னா பல் சக்கரத்தையும் தின்னுடும்னு சொன்னார். பத்து வருஷமா சைக்கிள் ஓட்டுறேன், அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒருத்தர் எனக்குச் சொல்லிக் குடுத்தார். உட்கார ஒரு இடம் இருந்ததால நடந்தது அது.

புதுக்கோட்டைல 1991, 92-ல அறிவொளிங்கற எழுத்தறிவு இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொண்ணுங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, கலெக்டரா ஷீலா ராணி சுங்கத் இருந்தப்ப. எங்கம்மா அதுல கத்துக்கிட்டவங்கதான், கல்குவாரிக்குப் போற பொண்ணுங்க கூட தண்ணிக் குடத்தைக் கட்டிக்கிட்டு ஓட்டுவாங்கன்னு சொல்லுவாங்க. பார் வச்ச ஆம்பள வண்டிதான் ஓட்டினாங்க, குழந்தைய பார்ல உட்கார வைக்க வசதின்னு. ஓட்டக் கத்துக் குடுத்த ஊர் நம்மது. ரிப்பேர் பண்ணவும் கத்துக் குடுக்குற இடமா உங்க கடை இருக்கணும்ங்கறது என் ஆசை.

ரெண்டு விஷயம் தயவுசெஞ்சு பண்ணுங்க. ஒண்ணு, சுத்தமான பாத்ரூம், உள்ள தாழ்ப்பாள் வேலை செய்யணும். இன்னொண்ணு, யாராவது ஒரு பொண்ணு கடைல வேலைக்கு இருக்கணும், காபி பக்கமோ ரிப்பேர் பக்கமோ. உள்ள ஒரு பொண்ணு இருந்தாதான் இன்னொரு பொண்ணு ஏறுவா.

#6 டிகாஷன்_டைம்

கோயமுத்தூர்லிருந்து எழுதறனுங்க, பதினோரு வருசமா காபி கடை. சைக்கிள் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, காபி பத்தி மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த பெரிய இத்தாலி மெஷினை வாங்கிடாதீங்க. மேல ஒருத்தர் ஃபயேமான்னு எழுதியிருந்தாரு, அவங்க 1961-ல கொண்டுவந்த ஈ61 மெஷின்தான் பம்பு வச்சு 9 பார் அழுத்தத்துல தண்ணிய தள்ற வழியைக் காட்டுச்சு, அதுக்கு முன்னாடி லீவரைப் புடிச்சு இழுக்கோணும். அந்த வருசம் வந்த சூரிய கிரகணத்தை வச்சு அந்தப் பேரு வச்சாங்க. நல்ல மெஷின்தான், மறுக்கல. ஆனா மாயவரத்துல அதுக்கு சர்வீஸ் ஆளு கிடைக்குமா? ஒரு நாள் நின்னுச்சுன்னா காபியே கிடையாது. உங்க ஊரு ஃபில்டர் காபி ஊருங்க. பித்தளை ஃபில்டர் பெருசா ரெண்டு வாங்குங்க, ஒண்ணு இறங்கும்போது இன்னொண்ணு தயாரா இருக்கணும். டிகாஷன் இறங்க 20 நிமிசம் விடுங்க, தட்டி தட்டி அவசரப்படுத்தினா கசப்பு ஏறிடும். ஒரு கிலோ தூளுக்கு 80-ல இருந்து 100 காபி வரும், ஒரு லிட்டர் பாலுக்கு எட்டு இல்லைன்னா ஒன்பது. தண்ணி கலக்காத பாலா ஒரே ஆளுகிட்ட வாங்குங்க. சிக்கரி 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

ஆனா உங்களுக்கு இருக்குற பெரிய ஆபத்து வேற. காபித்தூள் வாசனையை உறிஞ்சும். மண்ணெண்ணெய், பஞ்சர் சொல்யூஷன், கிரீஸு இதெல்லாம் பக்கத்துல இருந்துச்சுன்னா ஒரே வாரத்துல தூள் பூரா ரப்பர் வாடை அடிக்கும், அப்புறம் எவ்வளவு நல்ல தூள் வாங்கினாலும் வீண். எங்க பழைய கடைக்குப் பக்கத்துல பெயின்ட் கடை வந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுனால மண்ணெண்ணெய்ல செயின் கழுவுற வேலை கடைக்கு வெளிய, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து வைங்க. தூள் காத்துப் புகாத டப்பாவுல, அன்னன்னைக்கு அரைக்க முடிஞ்சா இன்னும் நல்லது.

கை கழுவ தனித் தொட்டி. ரிப்பேர் பாத்த கையோட எவரும் டம்ளரைத் தொடக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், நான் எடுத்தப்ப சின்ன கடைக்கு வருசத்துக்கு 100 ரூபாதான், ஆன்லைன்லயே பண்ணலாம்.

#7 லண்டன்_கோப்பி

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். இந்த இழையை வாசிச்ச உடனே எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

இஞ்ச ஓல்ட் ஸ்ட்ரீட்டில லுக் மம் நோ ஹேண்ட்ஸ் எண்டு ஒரு கடை இருந்தது, 2010-ல திறந்தவை. சின்னப் பிள்ளையள் சைக்கிள் ஓடப் பழகினாப் பிறகு கையை விட்டிட்டு "அம்மா இஞ்ச பாருங்கோ" எண்டு கத்துறதுதான் அந்தப் பேர். நான் 2013-ல முதல் முதல் போனனான், ஜூலை மாசம், டூர் டி ஃபிரான்ஸ் நடந்து கொண்டிருந்தது. உள்ள பெரிய திரையில ரேஸ் ஓடுது, ஒரு பக்கத்தில மெக்கானிக் பொடியன் வேலை செய்யிறான், சனம் கோப்பியோட நிண்டு பாக்குது. மலை ஏறுற நேரம் முழுக்கடையும் மூச்சுப் பிடிச்சுக் கொண்டு நிண்டது, அந்த மெக்கானிக் கூட ஸ்பானரைக் கையில வச்சுக் கொண்டு திரையைத்தான் பாத்தவன். எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. லண்டனுக்கு வந்து அவ்வளவு நாளில அண்டைக்குத்தான் நான் தனிய இல்லை எண்டு நினைச்சனான்.

ஊரில தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. எல்லாம் சைக்கிள்தான். விறகு, நெல்லு, வருத்தக்காரர் (நோயாளியள்) எல்லாத்தையும் சைக்கிளிலதான் ஏத்தினம். சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்டம். நான் சுத்துவன், அப்பா செய்தி கேப்பார், கை ஓய்ஞ்சால் செய்தியும் ஓய்ஞ்சிடும். எங்கட சந்தியில சைக்கிள் திருத்துற அண்ணையின்ர கொட்டிலிலதான் ஊர்ப் புதினம் முழுக்க. ரியூப் ஒட்டுற மட்டும் அவற்ற மனிசி பிளேன் டீயும் பனங்கட்டித் துண்டும் தருவா. காசு வாங்கினதா எனக்கு ஞாபகம் இல்லை. லண்டன் கடையில இருந்து கோப்பி குடிக்கேக்க அந்தக் கொட்டில்தான் எனக்கு முன்னால நிண்டது.

தம்பி, உங்கட அப்பா கடையை மூட விடாதேங்கோ. ஒரு சின்ன விசயம், லண்டன் கடையில எனக்குப் பிடிச்சது: காத்தடிக்கிற பம்பை வாசலில வச்சிருந்தவை, ஆரும் வந்து சும்மா அடிக்கலாம். கோப்பி வாங்கத் தேவை இல்லை.

#8 ஈசிஆர்_விடியல்

@லண்டன்_கோப்பி அண்ணா, செய்தி ஓய்ஞ்சிடும்னு எழுதினீங்களே, ரெண்டு தடவை படிச்சேன்.

@வால்டியூப் ஐயா, அந்த செக்யூரிட்டி செஞ்சதுக்கு நாங்க எல்லாரும் வெக்கப்படணும். எங்க குரூப்லயும் இருக்கு இது, வண்டி விலைய வச்சு ஆளை எடை போடுறது. போன மாசம் முட்டுக்காட்டுல கேரியர்ல மீன் கூடையோட ஒரு பெரியவர் எங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போனார், செருப்புக் காலோட, எதிர்க்காத்துல. அவரைக் கூப்பிட்டு காபி வாங்கிக் குடுக்கணும்னு எங்க யாருக்கும் அந்த நேரத்துல தோணல பாருங்க.

#9 வால்டியூப்

அந்தப் புள்ள (கியர்_மாத்து) எழுதினதைப் படிச்சேன். 36 வருசத்துல என் கடைல பொம்பளப் பிள்ளைக உக்கார ஒரு பெஞ்சு போடணும்னு எனக்குத் தோணுனதே இல்ல. நேத்து ஒண்ணு வாங்கிப் போட்டேன், நெழல்ல.

சரி தம்பி, செய்யிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, அப்ப வேலைப் பக்கம் என்ன வேணும்னு சொல்றேன். இப்ப வர்ற கியர் வண்டிக்கெல்லாம் உங்கப்பாகிட்ட சாமான் இருக்காது. நம்ம நாட்டு வண்டில வால்டியூப் போட்ட வால்வு, காலங்காலமா அதுதான். புதுசுல ரெண்டு வகை வருது, பைக் டயர்ல இருக்க மாதிரி ஒண்ணு, ஒல்லியா தலைல குட்டித் திருகாணி வச்ச பிரெஸ்டா ஒண்ணு. பிரெஸ்டாவை நம்ம பம்பு புடிக்காது, சின்னதா ஒரு பித்தளை அடாப்டர் இருக்கு, பத்து வாங்கி டிராயர்ல போட்டு வைங்க, ரோட்டுல வர்றவனுக்கு அதுவே உசுரு குடுத்த மாதிரி. டிஸ்க் பிரேக் வண்டிக்கு எண்ணெய் தொட்ட கையால தட்டைத் தொடக் கூடாது, பிரேக் புடிக்காமப் போயிரும், அப்பாகிட்ட சொல்லுங்க. பாட்டம் பிராக்கெட், அதான் பெடல் அச்சு சுத்துற எடம், நம்ம வண்டில கால் இஞ்சு பால்ஸ் பக்கத்துக்கு 11, அது அவருக்குக் கைவந்த கணக்கு. புதுசுல பூரா அடைச்ச கேட்ரிட்ஜு, அதுக்குத் தனி புல்லர் வேணும்.

கை கழுவுறதுக்கு: தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு நல்லா தேச்சு அப்புறம் சோப்புத்தூள். கிரீஸு ஓடிப் போயிரும். காபிக்காரர் சொன்னது சரி.

ஒண்ணு கேக்குறேன், உங்க ஊர்ல கவருமென்டு சைக்கிள் எத்தனை ஓடும்? அதைப் பத்தி ஒருத்தரும் பேசலயே. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருசா வருசம் குடுக்குறாக, 2001-ல ஆரம்பிச்சது. வண்டி வந்து எறங்கின அன்னைக்கே எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கணும், சக்கர அச்சுல கோன் டைட்டு பாக்கணும், பிரேக் கட்டையைச் சரியா வைக்கணும். அதைச் செய்யாம ஓட்டி ஆறு மாசத்துல வீட்டுல சாத்தி வச்சுர்றாக. உங்க கடை சோறு அங்க இருக்கு, லட்ச ரூவா வண்டில இல்ல.

#10 கியர்_மாத்து

ஐயா, அந்த பெஞ்சுக்கு நன்றி. மதுரை வந்தா கட்டாயம் வந்து உட்காருவேன்.

கவர்மென்ட் சைக்கிள் பாயின்ட் அட்டகாசம். என் பிளஸ் ஒன் சைக்கிள்லதான் நான் இன்னைக்கு வரைக்கும் கத்துக்கிட்டது எல்லாம்.

#11 மாயவரம்_பெடல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தர் சொன்னதையும் நோட்டுல எழுதிட்டேன். அப்பாவோட பேசினதைச் சொல்றேன்.

முதல்ல ஒத்துக்கவே இல்ல. "கடைல சாப்பாட்டு சாமான் வந்தா எலி வரும்"ன்னார். அப்புறம் "எனக்கு 67 ஆச்சு, புது வண்டி வேலையெல்லாம் இனிமே கத்துக்க முடியுமா"ன்னு மெதுவா கேட்டார், அதுதான் நிஜமான பயம்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. மூடணும்ங்கறதுக்குக் காரணம் வியாபாரம் குறைஞ்சது மட்டும் இல்ல, தனக்குத் தெரிஞ்ச வேலைக்கு இனி ஆள் வராதுங்கற நெனப்பு. வால்டியூப் ஐயா எழுதின பிரெஸ்டா, கேட்ரிட்ஜு எல்லாத்தையும் படிச்சுக் காட்டி, என் ஃப்ரெண்டோட கியர் வண்டிய ஒருநாள் கடைல கொண்டாந்து நிப்பாட்டினேன். ஒண்ணும் சொல்லல. ராத்திரி பத்து மணிக்குப் பாத்தா பின் கியரைக் கழட்டி துணில வரிசையா அடுக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். "ரெண்டு ஸ்ப்ரிங்கும் ஒரு இணைகரமும்தான்டா, இதுக்கா இவ்ளோ விலை"ன்னார். மறுபடி மாட்டி ட்யூன் பண்ணி குடுத்தார், கியர் வெண்ணெய் மாதிரி விழுது.

அதுக்கப்புறம் எலி பத்தி பேசல.

#12 டிகாஷன்_டைம்

படிக்கறப்பவே சந்தோசமா இருக்குதுங்க. திறக்கறதுக்கு முந்தி சொல்லுங்க, ரெண்டு கிலோ பீபெரி காபிக்கொட்டை என் செலவுல அனுப்பி வெக்கறேன்.

#13 ஈசிஆர்_விடியல்

ரூட் ஐடியா: மயிலாடுதுறைல இருந்து பூம்புகார் 25 கிலோமீட்டர்கிட்ட, தரங்கம்பாடி 30. பூரா சமதளம். காலைல போய் கடலைப் பாத்துட்டு வெயிலுக்கு முன்னாடி கடைக்குத் திரும்பிடலாம், புதுசா ஓட்டுறவங்களுக்கு இதைவிட நல்ல ரூட் கிடைக்காது. நவக்கிரகக் கோயில் சுத்துறவங்களுக்கு வாடகைக்குக் கூட வண்டி விடலாம், வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்துலதானே. 22 வண்டில எத்தனை மிச்சம் இருக்கு?

#14 மாயவரம்_பெடல்

மூணு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, வேலை அப்படி.

கடை திறந்தாச்சு. அதாவது மூடவே இல்ல, பின்னாடி பாதில காபி வந்திருக்கு, அவ்வளவுதான். செலவு குறைச்சுப் பண்ணினோம். நடுவுல ஏழடிக்கு ஒரு சுவர், மேல காத்துப் போக இடைவெளி, ஆனா ஒரு பக்கம் திறப்பு விட்டதால பெஞ்சுல இருந்து பாத்தா அப்பா வேலை செய்யிறது முழுசா தெரியும். மண்ணெண்ணெய் வேலை எல்லாம் பின்வாசலுக்கு வெளிய. வாசல்ல சங்கிலி போட்டு ஒரு பம்பு, அதுல ரெண்டு வால்வுக்கும் அடாப்டர், காசு கிடையாது, லண்டன் அண்ணா சொன்ன மாதிரியே. பாத்ரூம் முதல் வேலையா கட்டினோம். எங்க தெரு அக்கா ஒருத்தங்க காலைலயும் சாயங்காலமும் காபி போடறாங்க, இப்ப மத்தியான நேரத்துல அப்பாகிட்ட பஞ்சர் ஒட்டவும் கத்துக்கறாங்க, உப்புத்தாள் போடறது, சொல்யூஷன் தடவிட்டு காயற வரைக்கும் பொறுமையா இருக்குறது, இது ரெண்டும் அப்பாவைவிட அவங்களுக்கு நல்லா வருதுன்னு அவரே சொல்றார்.

காபி 20 ரூபா. பஞ்சர் ஒட்ட வந்தா காபி பாதி விலை. யார் குடிக்கிறாங்கன்னு கேட்டா, பால்காரர் தினம் ஆறு மணிக்கு, அவர் பால்தான் வாங்குறோம். பேப்பர் பசங்க. போன வாரம் பிளஸ் ஒன் பொண்ணுங்க ஒன்பது பேர் புது சைக்கிளோட வந்தாங்க, நட்டு இறுக்க. அப்பா ஒவ்வொரு வண்டியா செஞ்சுட்டு, கடைசி மூணு வண்டிய அவங்களையே ஸ்பானர் புடிக்க வச்சார். அவங்க காபி குடிக்கல, தண்ணி குடிச்சுட்டுப் போனாங்க. பரவால்ல.

22 வண்டில ஆறு மிச்சம் இருந்துச்சு. நாலு ஓடுற மாதிரி பண்ணிட்டார். 7-ம் நம்பர் அதுல ஒண்ணு, நம்பரை மறுபடி பெயின்ட்ல எழுதினது அவரேதான், கண்ணாடி போட்டுக்கிட்டு.

வர்ற ஞாயிறு முதல் தடவையா பூம்புகார் ரைடு. காலைல அஞ்சு மணிக்குக் கடை வாசல்ல இருந்து கிளம்பறோம். எந்த வண்டியா இருந்தாலும் சரி. வர்றவங்க சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இங்க சொல்லிடுங்க, பாலுக்குச் சொல்லணும்.

#15 ஈசிஆர்_விடியல்

நாங்க நாலு பேர். சனி ராத்திரியே ட்ரெயின்ல வண்டியோட வந்துடறோம்.

#16 கியர்_மாத்து

நானும் அம்மாவும். அம்மாவுக்கு 7-ம் நம்பர் வண்டி கிடைக்குமான்னு கேக்கச் சொல்றாங்க, பார் இருக்குல்ல அதுல?

#17 மாயவரம்_பெடல்

இருக்கு. எடுத்து வச்சிட்டேன்னு அப்பா சொல்லச் சொன்னார்.

#18 வால்டியூப்

நான் பஸ்ல வர்றேன் தம்பி, வண்டி அங்க குடுங்க. எனக்கு சக்கரை போடாம.